ஞானம்மாள் வீட்டுச் சுவரில் நின்ற குதிரை

பட்டாபிராமில் நான் வெள்ளையடிக்காமல் விட்ட சுவர் ஒன்றே ஒன்றுதான். அது ஞானம்மாள் வீட்டு முன்னறைச் சுவர்.

என் பேர் கன்னியப்பன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மீசை முளைக்கும் முன்னே சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கினேன். இன்றைக்கு ஸ்டேஷன் ரோட்டில் மூன்று மாடி பெயின்ட் கடை என் பேரில் நிற்கிறது. ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் புதிதாக எழும்பிய ஃபிளாட்டுகளில் பாதிக்கு என் கடை நிறம்தான். யார் கையையும் பிடித்து நான் மேலே வரவில்லை. எனக்கு எழுத வராது என்று எவனாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஞானம்மாளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் அவள் மகன் பாபு ஒருவன்தான். அவன்தான் என்னை எழுதச் சொன்னான். எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னான்.

ஞானம்மாளின் அப்பா இங்கே மிலிட்டரி சைடிங்கில் மூட்டை இறக்கிய கூலி. சின்ன வயதில் அவள் அவருக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் ரயில் வேகனிலிருந்து குதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். செம்பட்டைக் குதிரை ஒன்று பலகைமேல் கால் வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. நாலு சிப்பாய்கள் இழுத்தும் வரவில்லை. பிறகு ஒருவன் வந்து கயிற்றை இழுக்காமல் தளர்த்தி விட்டான். அது தானாக இறங்கி வந்து அவன் தோளில் மூக்கை வைத்தது. சின்னப் பெண் வீட்டுக்கு ஓடி வந்து, அடுப்புக் கரியை எடுத்து அந்தக் குதிரையைச் சுவரில் போட்டாள். அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடியை எழுபது வயதிலும் சிரித்துக்கொண்டே சொல்வாள். "அடி வுயுந்துச்சு கன்னியப்பா. ஆனா காது நல்லா வந்துது. குதிரைக்குக் காதுதான் கஸ்டம்."

சேக்காட்டுச் செங்கல்வராயனுக்கு அவளைப் பேசினார்கள். மாப்பிள்ளை மிலிட்டரி என்றதும் இந்த ஊர் ஆட்கள் டாங்கி ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆவடிப் பக்கத்துக்காரனுக்கு மிலிட்டரி என்றால் டாங்கிதான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, தான் வடக்கே குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவன் என்றாராம். பெண் வீட்டார் முகம் சுருங்கியது. கதவுக்குப் பின்னாலிருந்து பெண் மட்டும் கேட்டாள்:

"அங்க குதிர எப்பவும் கீதா?"

"குதிரைங்க எரநூறு கீதுங்க. மனுசாளுங்கதான் கம்மி."

கல்யாணம் நிச்சயமாயிற்று.

மீரட், சஹாரன்பூர், ஜெய்ப்பூர் என்று பட்டாளம் போன இடமெல்லாம் அவளும் போனாள். இந்தி பழகினாள், ரொட்டி சுட்டாள், குளிரில் கை வெடித்து நின்றாள். லாடம் காய்ச்சும் கொல்லுலையில் மிஞ்சிய கரியால் குவார்ட்டர்ஸ் சுவரில் குதிரை போடுவாள். வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் வீட்டை வெள்ளையடித்துத்தான் ஒப்படைக்க வேண்டும். புருசன் அடிப்பார், அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். புது ஊரில் மறுபடியும் ஒரு குதிரை. "வடக்க பூரா என் குதிரைங்க சுண்ணாம்புக்கு அடியில நின்னுகினு கீதுங்க" என்பாள்.

அவள் திரும்பத் திரும்ப வரைந்த படம் ஒன்று உண்டு. ஜெய்ப்பூரில் ஒரு கர்னல் இறந்துபோனார். சவத்துக்கு முன்னால் அவருடைய குதிரையை ஆள் ஏறாமல் நடத்திக்கொண்டு போனார்கள். சேணத்தில் கால் வைக்கிற அங்கவடியில் அவருடைய பூட்ஸைப் பின்பக்கம் பார்க்கச் செருகியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து நடந்தவர் செங்கல்வராயன். மேளம் இல்லை, அழுகை இல்லை, குளம்புச் சத்தம் மட்டும்தான். "ராஜாவுக்குக்கூட அப்படி ஒரு போக்கு கெடைக்காது" என்று அவள் சொல்லும்போது கண் வேறு எங்கோ இருக்கும்.

பாபு அங்கேதான் பிறந்தான். அப்பாவின் கை முகத்தில் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கையில் குதிரை வாசம் போகாதாம். அந்த வாசத்தில்தான் அவன் கண்ணை மூடுவான்.

அவனுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு தீபாவளி. பிஜ்லி என்று ஒரு பெண் குதிரை. ஞானம்மாள் கையால் வெல்லம் தின்று வளர்ந்தது. அதன் பின்னங்காலைத் தொடைமேல் வைத்துச் செங்கல்வராயன் லாடம் அடித்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் ஒரு அணுகுண்டு வெடி வெடித்தது. குதிரை உதறியது. உதை நெஞ்சில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்குக்கூட உயிர் இல்லை.

ஆளைக் கொன்ற குதிரையைச் சுட்டுவிடுவது என்று பேச்சு வந்தது. புருசனை எரித்த மறுநாள், தலைவிரிகோலமாக அவள் அதிகாரி வீட்டு வாசலில் போய் நின்றாள். "சாப், அதும் மேல தப்பு இல்ல. அது பயந்துடுச்சு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிச் சொல்லி அழுதாள். குதிரையைச் சுடவில்லை.

அந்தச் செய்தி அவளுக்கு முன்னாலேயே பட்டாபிராம் வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளைப் புடவையோடு பையனை இழுத்துக்கொண்டு அவள் ரயிலிலிருந்து இறங்கியபோது, மாமியார் வீட்டார் ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. "புருசனக் கொன்னதுக்கு ஜாமீன் எடுத்தவடி இவ!" என்று நாத்தனார் தெருவில் நின்று கத்தியதை என் காதாலேயே கேட்டேன். அப்போது நான் ஞானம்மாள் வந்து தங்கிய அவளுடைய அப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருந்தேன்.

முன்னறைச் சுவரில் கரியால் போட்ட குதிரை நின்றது. ஊருக்கு வந்த அன்றைக்கே போட்டிருக்கிறாள். பிஜ்லிதான். சுண்ணாம்பு மட்டையை நனைத்துக்கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அது என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

"யக்கா, இது மேல அடிக்கட்டா?"

"வாணாம் கன்னியப்பா. இத மட்டும் வுட்டுடு."

விட்டேன். மறு வாரம் அந்தப் பக்கம் போனபோது சுவர் முழுக்க வெள்ளை. என் மிச்சச் சுண்ணாம்பைக் கரைத்து பாபுதான் அடித்திருந்தான். எட்டுகிற உயரத்துக்கு எட்டி, எட்டாத இடத்துக்கு ஸ்டூல் போட்டு அடித்திருக்கிறான். மூக்கு, காது, கால் ஒன்றும் தெரியவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் குதிரை வரையவில்லை.

நான் கடை போட்டபோது, பின்கட்டு குடோனில் அவளுக்கு ஒரு மூலை ஒதுக்கினேன். இதை நான் பெருமையாகவே சொல்வேன். டப்பா அடியில் மிஞ்சிய எனாமல், நிறம் சரியாகக் கலக்காததால் வாடிக்கையாளர் திருப்பிய பெயின்ட் எல்லாம் அவளுக்குத்தான். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டிலும் பிளைவுட் துண்டிலும் போட்டுத் தள்ளினாள். என் கடைப் போர்டில் இருக்கிற குதிரை அவள் போட்டது. பெயின்ட் கடைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு, "என் பெயின்ட் குதிர மாதிரி நிக்கும்யா, வெயிலு மழைக்கு அசையாது" என்பேன். போர்டைப் பார்த்தே கடைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போவாள். அங்கே முகமது இஸ்மாயில் பாய் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். கேரட் வாங்கிக்கொண்டு போய்த் தன் கையால் ஊட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருவாள். 

பாபு வளர்ந்தான். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர் வேலை கிடைத்தது, அங்கேயே குடித்தனம் போட்டான். கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரிசி, மாத்திரை, பழம் எல்லாம் வாங்கி வந்து வைப்பான். அம்மாவோடு சாப்பிடுவான். ஆனால் என் கடைக்கு வரமாட்டான். வந்தாலும் போர்டை நிமிர்ந்து பார்க்க மாட்டான். தீபாவளி அன்று அவன் வீட்டில் இருந்ததே கிடையாது. எல்லார் டூட்டியையும் இவன் வாங்கிக்கொண்டு ஷெட்டிலேயே கிடப்பான். அப்பா செத்த நாள் என்பதால்தான் அப்படி என்று நாங்கள் நினைத்தோம்.

போன வருசம் மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வந்து குடோனில் உட்கார்ந்தவள், பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"கன்னியப்பா, நா பூட்டா ஒரு குதிர வரணும்."

"இன்னாக்கா பேச்சு இது? நீ நூறு அடிப்ப."

"நூறு அடிச்சாலும் அதுக்கப்பறம் பூவணும்ல? அன்னிக்கு எனக்கு முன்னால ஒரு குதிர நடக்கணும். கர்னல் சாப்புக்குப் போச்சே, அது மாதிரி. சிப்பாய்னா கொடி போத்துறாங்க. அவன் பொண்டாட்டிக்கு யாரு போத்துறா? குதிர போதும் எனக்கு. கயித்த பாபு புடிச்சிக்கினு நடக்கணும்."

"குதிர வரும். நான் சொன்னா நடக்கும். ஆனா உன் புள்ள குதிர படம் போட்ட காலண்டரயே கிழிச்சிப் போடறவன். அவன் எங்க புடிக்கப் போறான்?"

 பிரஷைத் தின்னரில் முக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு வெடி வெச்சது யாரு, தெரியுமா உனுக்கு?"

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"கொட்டாய்க்குப் பின்னால ஊதுபத்திய கையில வெச்சிக்கினு நின்னான். நா ஜன்னல்லேர்ந்து பாத்தேன். வேற யாரும் பாக்கல. சத்தம் போட்டு அப்பனப் பயமுறுத்தலாம்னு வெச்சிருக்கான். குழந்த. யாராவது கேட்டா நா சொல்லுவேன், குதிர பயந்துடுச்சு, அவ்ளோதான்னு. ஆனா யாரும் கேக்கல. அவனும் சொல்லல."

"அவன்கிட்ட நீயே சொல்லேன்க்கா, எனுக்குத் தெரியும்டான்னு!"

"சொன்னா? எங்கம்மாவுக்குத் தெரியும்னு ஆயிட்டா அப்பறம் எப்டி என் கையால சோறு வாங்கித் துன்னுவான்? மூஞ்சிய எங்க வெச்சிப்பான்? அவனா ஒரு நா வந்து சொல்லட்டும்னு கீறேன். சொன்னான்னா, போடா பைத்தியம், நீ குழந்தடான்னு சொல்லிருவேன். நாப்பது வருசமா அந்த வார்த்தய வாயிலயே வெச்சிக்கினு கீறேன் கன்னியப்பா."

அவளுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"அந்தக் கயித்த அவன் ஒரு தபா புடிச்சா போதும். அது எவ்ளோ சாதுவா வரும்னு அவன் கைக்குத் தெரிஞ்சிடும். குதிர மேல கீற கோவம் போனா, அவன் மேலயே அவனுக்குக் கீறதும் பூடும். நா கீற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

நான் என் வாழ்க்கையில் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டுச் சாதித்தவன். முனிசிபாலிட்டியில் பேசி இந்தத் தெருவுக்குக் கால்வாய் கொண்டுவந்தவன். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

தை மாதம் ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். எழுபத்தெட்டு வயது.

நேரே பூந்தமல்லிக்கு வண்டியை விட்டேன். விசயத்தைச் சொன்னதும் இஸ்மாயில் பாய் கையைப் பிசைந்தார்.

"அண்ணாத்தே, சாவுக்குப் போன குதிரைய நாளைக்கு எவன் மாப்ளைக்குக் கூப்புடுவான்? ஒரு தபா போனா போதும், அப்டியே பேரு கெட்டுடும். என் பொயப்பே அதான்."

"யாருக்குன்னு கேளு பாய். நம்ம கேரட்டு அம்மா."

அவர் அப்படியே மாட்டுவண்டிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மாவா? போன வெள்ளிக்கெயம வரலியேன்னு நெனச்சேன்..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நூரி கீது. வயசாயிடுச்சு, இப்ப கல்யாணத்துக்கு அனுப்பறதில்ல. அந்தம்மா கையால அதிகமா துன்னதும் அதான். நானே இட்டாறேன்."

மறுநாள் காலையில் நூரியைக் கழுவி, ஜிகினா ஒன்றும் கட்டாமல், வெறும் கயிற்றோடு கொண்டுவந்தார். வெள்ளைக் குதிரை, முழங்கால் பக்கம் மஞ்சள் பாய்ந்திருந்தது. செங்கல்வராயனுடைய பழைய பூட்ஸை அவள் பெட்டியிலிருந்து எடுத்து நானே துடைத்து வைத்திருந்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பாபு வாசலில் மறித்துக்கொண்டான்.

"மாமா, உன் மேல மரியாத கீது. ஆனா அந்தச் சனியன் எங்கம்மா முன்னால நடக்கக் கூடாது."

"உங்கம்மா ஆசடா. கயித்த நீ புடிக்கணும்னு வாய் வுட்டுக் கேட்டாங்க."

"எங்கப்பன அடிச்சது மாமா அது!"

"இது அந்தக் குதிரையாடா?"

"எல்லாம் ஒண்ணுதான்! இட்டுனு போவச் சொல்லு!"

அறுபது ஆள் கூடியிருந்த இடம். கை மடக்கி எதிரில் நிற்கிற எவனையும் பேசி ஜெயித்துவிடுவேன். அவனிடம் பேசி ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் சொன்னதை அங்கே, அத்தனை பேருக்கு நடுவில் உடைக்கவும் முடியாது. பாயைக் கூப்பிட்டு, தெருமுனை ரேஷன் கடை ஓரமாகக் குதிரையோடு நிற்கச் சொன்னேன். அவள் போகும்போது பக்கத்திலாவது பார்த்துக்கொண்டு போகட்டும். பூட்ஸ் என் கையிலேயே இருந்தது.

அவளை ஏற்றிய பூ வண்டி கிளம்பியது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு பாபு. அவனுக்கு முன்னால் பறை. நம் பக்கத்து வழக்கம்தான், தெரு முனைக்குத் தெரு முனை சரவெடி வைக்கிறவர்களும் ஓடினார்கள். ரேஷன் கடை முனையில் ஒருத்தன் வெடியை நீளமாகப் பிரித்துப் போட்டான். குதிரைக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை. குனிந்து தீப்பெட்டியை உரசினான்.

"வெக்காதீங்கடா!"

அது பாபுவின் குரல் என்று எனக்கு உடனே தெரியவில்லை. சின்னப் பிள்ளை குரல் மாதிரி கிறீச்சென்று வந்தது.

"வெடி வெக்காதீங்கடா! அது பயந்துடும்டா!"

கொள்ளிச்சட்டியைக் கீழே வைக்கக் கூடாது, கை மாற்றவும் கூடாது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் கையில் திணித்துவிட்டு ஓடினான். பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு நான் சட்டியைப் பிடித்தேன். அதற்குள் திரி பற்றிக்கொண்டது. வெடி சடசடவென்று தெரு முழுக்க வெடித்தது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. புகை கலைந்தபோது பாபு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் முதுகை வெடிப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றான்.

குதிரை அசையவே இல்லை. எத்தனையோ கல்யாணத்து வெடியைப் பார்த்த குதிரை அது. ஒரு காது கேட்காது என்று பாய் பிறகு சொன்னார். நடுங்கிக்கொண்டிருந்தது பாபுதான்.

"ஹோ... ஹோ... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதன் மூக்கைத் தடவிக்கொண்டே பாயிடமிருந்து கயிற்றை வாங்கினான். "இங்க நிக்கக் கூடாது பாய். அடுத்த முனைலயும் வெப்பானுங்க" என்று சொல்லிக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடந்தான். அது அவன் தோளில் மூக்கை உரசிக்கொண்டே கூடப் போனது. சுடுகாடு கிழக்கே, அவன் மேற்கே போனான், ஸ்டேஷன் பக்கம், சத்தம் இல்லாத இடத்துக்கு.

அவள் கேட்டது அதுதான். பாபு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான், குதிரை சாதுவாக வந்தது. ஆனால் அவள் பூ வண்டிக்குள் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள், அவன் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். எந்த உறவும் இல்லாத நான் நடுத்தெருவில் அவளுடைய கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுடுகாட்டு வாசலில் மூச்சு வாங்க ஓடி வந்து சட்டியை வாங்கிக்கொண்டான். செய்ய வேண்டியதெல்லாம் செய்தான். எல்லாம் முடிந்து குழாயடியில் தலைக்கு ஊற்றினோம். அவன் வலது கையை மட்டும் நனைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கையக் கயுவுடா."

"அப்பா வாசம் வர்து மாமா."

சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆள்.

"நான்தான் மாமா வெடி வெச்சது. அன்னிக்கு. நான்தான். எங்கம்மாகிட்ட சொல்லணும்னு எத்தினியோ தபா ஊட்டுக்கு வந்தேன். சோத்தப் போட்டுக் குடுக்கும், நா துன்னுட்டுப் பூடுவேன். இத்தக் கேட்டா ஒடஞ்சிடும்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் அதுக்குத் தெரியாமயே போயிடுச்சு மாமா."

நான் அவன் பக்கம் குனிந்தேன். 

"தெரியும்டா. ஜன்னல்லேர்ந்து பாத்துருக்காங்க."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அன்னிலேர்ந்தா?"

"அன்னிலேர்ந்து."

"அப்பறம் ஏன் மாமா ஒரு வார்த்த கேக்கல?"

"நீ வந்து சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தாங்க. சொன்னா, போடா பைத்தியம், நீ குழந்தடான்னு சொல்லணும்னு."

அவன் அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். பின்னால் ஆட்கள் குளிக்கக் காத்திருந்தார்கள். குழாயை நிறுத்திவிட்டு நான் அவனுக்கு மறைவாக நின்றுகொண்டேன்.